சிறிய தொலைநோக்கியில் ஒரு புறக்கோளின் கடப்பைப் பதிவு செய்வது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

வேறொரு விண்மீனைச் சுற்றிவரும் கோளை வீட்டிலிருந்தபடியே அளக்க முடியும். 15 அல்லது 20 செ.மீ. தொலைநோக்கி, ஒரு கேமரா, சரியாக ஓடும் கடிகாரம், மேகமில்லாத ஐந்து மணி நேரம், இவ்வளவுதான் தேவை. சில கோள்களுக்குத் தொலைநோக்கிகூட வேண்டாம், நல்ல டெலிஃபோட்டோ லென்ஸ் போதும்.

நான் தொடங்கியபோது இதற்கான விவரங்கள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. ஒரு கையேடு மென்பொருளைப் பற்றி மட்டும் பேசும், இன்னொன்று கேமராவோடு நின்றுவிடும். எந்த இரவைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை மணிக்குத் தயாராவது, எந்த விவரத்தை எழுதி வைப்பது என்று வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. நல்ல ஒளி வளைவு ஒன்று கைக்கு வருவதற்குள் பல இரவுகள் வீணாயின. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வேலையின் பெரும்பகுதி இருட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. எதை அளக்கப் போகிறோம்?

கோள் உங்கள் கண்ணுக்கும் தெரியாது, படத்திலும் தெரியாது. அது தன் விண்மீனுக்கு முன்னால் கடந்து போகும்போது விண்மீனின் ஒளி கொஞ்சம் குறையும். அந்தக் குறைவை நேரத்தோடு சேர்த்து வரைந்தால் நடுவில் ஒரு பள்ளம் விழும். இதுதான் கடப்பு, அந்த வரைபடம்தான் ஒளி வளைவு.

பள்ளத்தின் ஆழம் கோளும் விண்மீனும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரியவை என்பதைப் பொறுத்தது. சூரியனுக்கு முன்னால் வியாழன் போவதைத் தொலைவிலிருந்து யாராவது பார்த்தால் ஒளி 1 சதவீதம் குறையும். பூமி போனால் 0.01 சதவீதத்துக்கும் குறைவு. நம் வளிமண்டலத்தின் மினுமினுப்பே அதைவிடப் பெரியது. ஆகவே நாம் குறிவைப்பது விண்மீனை ஒட்டிச் சுற்றும் வியாழன் அளவுக் கோள்களை. அவற்றின் பள்ளம் 1 முதல் 3 சதவீதம் வரை இருக்கும்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு கோளின் சுற்றுக்காலம் இரண்டு நாள், அதில் ஒரே ஒரு விநாடி பிழை இருக்கிறது என்று வையுங்கள். ஐந்து ஆண்டுகளில் 900க்கும் மேற்பட்ட சுற்றுகள். அந்த ஒரு விநாடி திரண்டு கடப்பின் நேரத்தைக் கால் மணி நேரம் தள்ளிவிடும். ஜேம்ஸ் வெப் போன்ற விண்வெளித் தொலைநோக்கியை அத்தகைய கோள் பக்கம் திருப்புவதற்கு முன் சரியான நேரம் தெரிந்தாக வேண்டும். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் வேலையில் சிறிய தொலைநோக்கிகளுக்கு உண்மையான பங்கு இருக்கிறது.

2. காசு செலவழிக்கும் முன் இலவசத் தரவில் பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கருவி வாங்கிய பிறகு மென்பொருளைக் கற்க ஆரம்பித்தால், படம் சரியில்லையா கணக்கு சரியில்லையா என்றே தெரியாமல் குழம்புவீர்கள்.

புறக்கோள்களைத் தேடும் டெஸ் விண்கலத்தின் தரவு எல்லோருக்கும் இலவசம். அது வானத்தின் ஒரு பகுதியைச் சுமார் 27 நாள் விடாமல் பார்க்கும். லைட்கர்வ் என்ற இலவசப் பைத்தான் தொகுப்பை நிறுவி, வாஸ்ப்-18 விண்மீனின் தரவை எடுத்து வரைந்து பாருங்கள். அதன் கோள் ஒரு நாளுக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும். அதனால் ஒரே கோப்பில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளங்கள் வரிசையாகத் தெரியும்.

அப்புறம் தரையிலிருந்து எடுத்த படங்களுக்கு வாருங்கள். நாசாவின் எக்ஸோபிளானட் வாட்ச் திட்டத்துக்காக உருவான எக்ஸாட்டிக் என்ற மென்பொருள் உலாவியிலேயே ஓடும். மாதிரிப் படங்களும் கிடைக்கும், அவற்றில் மைக்ரோஅப்சர்வேட்டரி என்ற சிறிய ரோபோ தொலைநோக்கிகள் எடுத்தவையும் உண்டு. ஒரு முழுக் கடப்பை இதில் அலசி முடித்தால், உங்கள் படங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.

3. கருவி: எதற்குச் செலவழிக்கலாம்?

செலவின் முதல் பங்கு, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டுக்குப் போகட்டும். தொலைநோக்கி பெரிதாக இருந்து மவுண்ட் தள்ளாடினால் எல்லாம் வீண். விண்மீன் ஐந்து மணி நேரமும் கேமராவின் அதே சில பிக்சல்களில் நிற்க வேண்டும். அதற்கு வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் ஈக்வடோரியல் மவுண்டும், முடிந்தால் அது விலகும்போது தானாகத் திருத்தும் ஆட்டோகைடரும் வேண்டும். மேல்-கீழ், இட-வலமாக மட்டும் திரும்பும் ஆல்ட்-அஸ் மவுண்ட் இருந்தாலும் முயலலாம். ஆனால் படத்தின் களம் மெதுவாகச் சுழலும், ஓரத்து விண்மீன்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது கேமரா. குளிரூட்டிய கறுப்பு-வெள்ளை கேமரா நல்லது, கட்டாயமில்லை. கையில் டிஎஸ்எல்ஆர் இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். ரா கோப்பாக, அதாவது கேமரா மாற்றாத மூலக் கோப்பாக மட்டும் எடுங்கள், பச்சை நிறச் சேனலை மட்டும் அளங்கள். ஜேபெக் கோப்பில் கேமரா ஒளி அளவுகளைத் தன் விருப்பத்துக்கு மாற்றிவிடுவதால் அதை இந்த வேலைக்குப் பயன்படுத்த முடியாது.

ஃபில்டர் ஒன்று போதும்: சிவப்பு, அதாவது ஆர் ஃபில்டர். மென்பொருளுக்கு ஒரு காசும் தர வேண்டாம். படங்களிலிருந்து ஒளியை அளக்கும் அஸ்ட்ரோஇமேஜ்ஜே, ஹாப்ஸ் இரண்டும் இலவசம்.

பலர் மறக்கும் செலவு சேமிப்பிடம். 90 லட்சம் பிக்சல் கொண்ட 16-பிட் கேமராவில் ஒரு படம் 18 மெகாபைட். 30 விநாடிக்கு ஒரு படம் என்று நான்கு மணி நேரம் எடுத்தால் 480 படங்கள், கிட்டத்தட்ட 9 ஜிகாபைட். ஒரே இரவுக்கு! வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. முதல் கோளைத் தேர்ந்தெடுங்கள்

உறுதி செய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 2025-இல் 6000-ஐத் தாண்டியது. அவற்றில் தொடக்கத்துக்குத் தோதானவை மிகச் சில.

எச்டி 189733 பி எல்லோரும் முதலில் சொல்லும் பெயர். விண்மீன் 7.7 ஒளிர்வெண் (இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கல்), சுற்றுக்காலம் 2.22 நாள், பள்ளம் சுமார் 2.4 சதவீதம், கடப்பு 1.8 மணி நேரம். டம்பெல் நெபுலாவான எம் 27-க்குக் கால் டிகிரி பக்கத்தில் இருப்பதால் கண்டுபிடிப்பதும் சுலபம். ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. பிரகாசமான விண்மீன் என்பதால் வேலை எளிது என்று நினைத்துவிடுவோம். 20 செ.மீ. தொலைநோக்கியின் குறுகிய களத்தில் அதற்குச் சமமான ஒளியுள்ள ஒப்பீட்டு விண்மீன், அதாவது அதன் ஒளியை ஒப்பிட்டுப் பார்க்க அதே படத்தில் உதவும் விண்மீன், அகப்படாது. பக்கத்தில் இருப்பவை எல்லாம் மங்கலானவை. இந்தக் கோள் டெலிஃபோட்டோ லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான் மிகப் பொருத்தம். 200 அல்லது 300 மி.மீ. லென்ஸின் அகன்ற களத்தில் நல்ல ஒப்பீட்டு விண்மீன்கள் சிக்கும்.

15–20 செ.மீ. தொலைநோக்கி இருந்தால் என் தேர்வு ஆண்ட்ரோமெடாவில் உள்ள ஹாட்-பி-32 பி. விண்மீன் சுமார் 11.3 ஒளிர்வெண், பள்ளம் 2 சதவீதத்துக்கு மேல், கடப்பு மூன்று மணி நேரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதற்கு நல்ல காலம். அதன் காலம் முடிந்த பிறகு, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வாஸ்ப்-43 பி இருக்கிறது. 12.4 ஒளிர்வெண் என்பதால் சற்று மங்கல், ஆனால் பள்ளம் 2.5 சதவீதம், கடப்பு 1.2 மணி நேரத்தில் முடிந்துவிடும். வானநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் தெரியும்.

5. இரவைக் குறியுங்கள்

ஸ்வார்த்மோர் கல்லூரியின் டிரான்சிட் ஃபைண்டர் பக்கத்தில் உங்கள் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் வரப்போகும் கடப்புகளின் பட்டியல் கிடைக்கும். எக்ஸோகிளாக் திட்டத்தில் பதிவு செய்தால் உங்கள் தொலைநோக்கியின் அளவுக்கு ஏற்ற பட்டியலே வரும், எந்தக் கோளுக்கு அவசரம் என்ற குறிப்போடு.

பட்டியலில் ஒரு இரவை ஏற்க மூன்று நிபந்தனைகள். கடப்புக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விண்மீன் தெரிய வேண்டும். முழு நேரமும் அது தொடுவானத்திலிருந்து 30 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும். தொடக்கமும் முடிவும் முழு இருட்டில் விழ வேண்டும். ஒன்று குறைந்தாலும் முதல் முயற்சிக்கு அந்த இரவு வேண்டாம். முன்பின் ஒரு மணி நேரம் எதற்கு என்றால், பள்ளத்தின் ஆழத்தை அளக்க அதன் கரை எங்கே என்று தெரிய வேண்டுமே! கடப்பை மட்டும் எடுத்தால் அந்த வளைவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பட்டியலில் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறதா, உள்ளூர் நேரத்திலா என்று இரண்டு முறை பாருங்கள். நள்ளிரவை ஒட்டிய கடப்பில் தேதியும் மாறிவிடும். ஒரு நாள் தள்ளி வெளியே போய் நிற்பது இந்தத் துறையில் அடிக்கடி நடப்பதுதான்.

ஒரே இடத்திலிருந்து ஒரு கோள் எப்போதெல்லாம் வசப்படும் என்பது அதன் சுற்றுக்காலத்தில் இருக்கிறது. எச்டி 209458 பி-க்கு 3.5247 நாள். இரண்டு சுற்றுக்கு ஏழு நாளும் ஒரு மணி பதினொரு நிமிடமும். அதாவது இன்று கிடைத்தால் அடுத்த வாரம் அதே கிழமையில் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிடைக்கும். சில வாரங்கள் போனால் கைநழுவிவிடும். வாஸ்ப்-12 பி நேர்மாறானது. அடுத்தடுத்த நாட்களில் இரண்டேகால் மணி நேரம் தள்ளித் தள்ளி வரும், பன்னிரண்டு நாளில் பழைய நேரத்துக்கே திரும்பும். மேகத்தில் தவறவிட்டால் மறுவாய்ப்பு எப்போது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

6. கணக்கும் குறியீடும்

அளவீட்டை அனுப்பப் போகும் இடத்தில் முன்பே பதிவு செய்யுங்கள். எக்ஸோகிளாக்கில் சேர எந்தப் பட்டமும் கேட்க மாட்டார்கள், கட்டணமும் இல்லை. தொலைநோக்கி விவரமும் இடத்தின் ஆயத்தொலைவுகளும் போதும். இது ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏரியல் திட்டத்துக்காக, சுமார் 1000 புறக்கோள்களின் வளிமண்டலத்தை ஆராயப்போகும் விண்கலத்துக்காக, கடப்பு நேரங்களைப் புதுப்பிக்கிறது. எக்ஸோபிளானட் வாட்ச் வழியாக அனுப்புவதென்றால் அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்தின் நோக்கர் குறியீடு தேவை. சங்கத்தில் சந்தா கட்டி உறுப்பினராக வேண்டியதில்லை, குறியீடு இலவசம்.

7. கடிகாரத்தைச் சரி செய்யுங்கள்

தனித் தலைப்பாகவே தருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அருமையாக அமைந்தும் கடிகாரம் தவறினால் அந்த அளவீடு குப்பைக்குத்தான் போகும். நீங்கள் தரப்போகும் முக்கியமான எண் கடப்பின் நடுநேரம். அதை ஒன்றிரண்டு நிமிடத் துல்லியத்தில் சொல்ல வேண்டும் என்றால், படங்களின் நேரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும்.

கணினி தானாக நேரத்தைச் சரிபார்க்கும் என்று விட்டுவிடாதீர்கள். அது அபூர்வமாகத்தான் சரிபார்க்கும். இணைய நேரச் சேவையகத்தோடு சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒத்திசைக்கும் மென்பொருளை நிறுவுங்கள். இணையம் இல்லாத இடமென்றால் ஜிபிஎஸ். டிஎஸ்எல்ஆர் கேமராவின் உள்கடிகாரத்தை நம்ப வேண்டாம். கணினியோடு இணைத்து எடுங்கள். முடியாவிட்டால், சரியான நேரம் காட்டும் திரையை அந்தக் கேமராவாலேயே தொடக்கத்திலும் முடிவிலும் படமெடுத்து வித்தியாசத்தைக் குறியுங்கள்.

அப்புறம், உங்கள் மென்பொருள் கோப்பில் எழுதுவது எக்ஸ்போஷர் தொடங்கிய நேரமா, நடுநேரமா, முடிந்த நேரமா? இப்போதே கண்டுபிடித்து எழுதி வையுங்கள்.

8. அந்த இரவு

இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாம் வெளியே இருக்கட்டும். கருவி சுற்றுப்புற வெப்பநிலைக்கு வந்தால்தான் ஃபோகஸ் நிலைக்கும். மின்கலம் முழு இரவுக்கும் தாங்குமா, லென்ஸில் பனி படியாமல் இருக்க ஹீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

களத்தை உறுதி செய்ய ஒரு படத்தை எடுத்து பிளேட் சால்விங் செய்யுங்கள், அதாவது படத்தில் உள்ள விண்மீன்களை வைத்து அது வானின் எந்த இடம் என்று மென்பொருளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து "இதுதான்" என்று முடிவெடுக்க வேண்டாம். பக்கத்து விண்மீனை ஐந்து மணி நேரம் அளந்தால் தட்டையான கோடுதான் வரும்.

ஃபோகஸைச் சற்றுக் கலையுங்கள். விண்மீன் ஊசிமுனையாக இருந்தால் ஒளி நான்கைந்து பிக்சல்களில் குவிந்து அவற்றை நிரப்பிவிடும். கொஞ்சம் பரவினால் பல பிக்சல்களில் சராசரியாகும், சிறு நகர்வும் பாதிக்காது. அழகான படத்துக்குப் பழகியவர்களுக்கு இது மனதுக்கு ஒவ்வாது, ஆனால் செய்யுங்கள். பக்கத்து விண்மீனோடு ஒட்டிவிடாத அளவுக்கு மட்டும்.

16-பிட் கேமராவின் உச்சம் 65,535. உங்கள் விண்மீனின் மிகப் பிரகாசமான பிக்சல் அதில் பாதியை ஒட்டி இருக்குமாறு எக்ஸ்போஷரை வையுங்கள். விண்மீன் மேலே ஏறும்போது ஒளி கூடும், அதற்கு இடம் விட வேண்டும். 11 ஒளிர்வெண்ணுக்கு 20 செ.மீ. கருவியில் 60 விநாடியில் தொடங்கிப் பாருங்கள். பிரகாசமான விண்மீனானாலும் ஓரிரு விநாடி எக்ஸ்போஷர் வேண்டாம், மினுமினுப்பு அப்படியே பதிவாகும். ஃபோகஸை இன்னும் கலைத்து 10 விநாடிக்கு மேல் கொண்டுவாருங்கள்.

தொடங்கிய பிறகு எதையும் தொடாதீர்கள். எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஃபில்டர் மூன்றும் கடைசி வரை ஒன்றே. விண்மீன் உச்சிக்கோட்டை, அதாவது வடக்கு-தெற்காகத் தலைக்கு மேல் செல்லும் கோட்டை, தாண்டும்போது மவுண்ட் மறுபக்கம் திரும்ப வேண்டியிருக்கும். அது கடப்பின் நடுவில் வந்தால் வளைவில் ஒரு படி விழும், பள்ளத்தின் சரிவையே கெடுக்கும். எந்த நேரத்தில் வரும் என்று முன்பே கணக்கிட்டு, பள்ளத்துக்கு வெளியே தள்ளப் பாருங்கள்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: இடத்தின் ஆயத்தொலைவுகள், ஃபில்டர், எக்ஸ்போஷர், மவுண்ட் திரும்பிய நேரம், மேகம் கடந்த நேரம். மெல்லிய மேகம் கண்ணுக்குத் தெரியாமலேயே 10 சதவீத ஒளியை விழுங்கும்.

9. டார்க், ஃப்ளாட்

டார்க் படங்கள் மூடியைப் போட்டு எடுப்பவை, கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க: அதே எக்ஸ்போஷர், அதே வெப்பநிலை. ஃப்ளாட் படங்கள் சீரான வெளிச்சத்தை எடுப்பவை, தூசி நிழலையும் ஓர இருட்டையும் திருத்த: அந்தி வெளிச்சத்தில், உச்சத்தில் பாதி அளவுக்கு. இருபதுக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாட் எடுத்து முடியும் வரை கேமராவைக் கழற்றவோ சுழற்றவோ கூடாது. ஃபில்டரிலோ கேமராவின் முன்கண்ணாடியிலோ உள்ள தூசியின் நிழல் 2 சதவீதப் பள்ளத்தைவிடப் பெரியதாக இருக்கலாம்.

10. அளத்தல்

ஹாப்ஸ் அல்லது அஸ்ட்ரோஇமேஜ்ஜேயில் டார்க், ஃப்ளாட் கொண்டு படங்களைத் திருத்தி, ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி, உங்கள் விண்மீனையும் ஐந்தாறு ஒப்பீட்டு விண்மீன்களையும் வட்டமிடுங்கள். வட்டத்தின் ஆரம் விண்மீனின் பரவலைப் போல ஒன்றரை மடங்கில் தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். மேகமும் உயரமும் எல்லா விண்மீன்களையும் ஒன்றாகப் பாதிக்கும், ஒப்பிடும்போது அது கழிந்துவிடும்.

ஒப்பீட்டு விண்மீன்கள் நிறத்திலும் ஒளியிலும் உங்கள் விண்மீனுக்கு நெருக்கமாக இருக்கட்டும். மாறுவிண்மீனா என்று பட்டியலில் சரிபாருங்கள். இங்கேதான் பலர் தங்களை அறியாமல் தடம் மாறுகிறார்கள். பள்ளம் அழகாகத் தெரியும்வரை ஒப்பீட்டு விண்மீன்களை மாற்றிக்கொண்டே போவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தட்டையாக இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் பிறகு உங்கள் வளைவைப் பாருங்கள்.

மென்பொருள் உங்கள் வளைவில் கடப்பின் மாதிரியைப் பொருத்தி நடுநேரத்தைத் தந்ததும், எதிர்பார்த்த நேரத்துக்கும் அளந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பெரிதாக இருந்தால் கோளைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்:

- முழு மணி நேரமோ அரை மணி நேரமோ பிசகினால் நேர மண்டலமோ கோடைக்கால நேரமோ காரணம்.
- சில நிமிடம், எட்டுக்குள் என்றால், சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு நேரத்தை மாற்றவில்லை. பூமி தன் பாதையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒளி முன்னதாகவோ தாமதமாகவோ நம்மை வந்தடையும்.
- 69 விநாடி என்றால் யூடிசிக்கும், வானியலில் பயன்படும் டிடிபி என்ற நேர அளவுக்கும் உள்ள வித்தியாசம். எந்த அளவில் கேட்கிறார்களோ அதில் கொடுங்கள்.
- எக்ஸ்போஷரில் சரிபாதி என்றால், மென்பொருள் தொடக்க நேரத்தை நடுநேரமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

11. அனுப்புதல்

எக்ஸோகிளாக்குக்கு நேரம், ஒளி, பிழை என மூன்று நெடுவரிசை கொண்ட எளிய கோப்பு போதும். நேர வடிவம், ஃபில்டர், எக்ஸ்போஷர் ஆகியவற்றைப் படிவத்தில் கேட்பார்கள், குறிப்பேட்டைப் பார்த்து நிரப்புங்கள். ஒரு குழு அதைச் சரிபார்த்த பிறகே ஏற்கும். ஏற்கப்பட்ட அளவீடுகள் ஆய்வுக்கட்டுரையில் இடம்பெறும்போது நோக்கர்களும் இணையாசிரியர்களாகச் சேர்க்கப்படுகிறார்கள்.

பள்ளம் சரியாக விழாத இரவையும், சந்தேகமான நேரம் வந்த இரவையும் மறைக்காதீர்கள். குறிப்போடு அனுப்புங்கள், எடை போடுவது அவர்கள் வேலை. கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால் மீண்டும் அலச மூலப் படங்கள் தேவைப்படும். ஆகவே திருத்தாத படங்கள், டார்க், ஃப்ளாட், குறிப்பேடு நான்கையும் ஒரே கோப்புறையில், கோளின் பெயரும் யூடிசி தேதியும் இட்டு, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். திருத்திய படங்களை அழித்துவிடலாம், அவற்றை எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ள முடியும்.